பணிக்கொடை கொடையா, கடனா?

இம்முறை கேள்வி கேட்டு எழுதியிருக்கும் வாசகர் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துநராக இருந்தவர். 2002 செப்டம்பர் 1 அன்று வேலையில் சேர்ந்து, 58 வயது நிறைந்து 2025 மார்ச் 31 அன்று ஓய்வு பெற்றிருக்கிறார். கடைசியாக வாங்கிய சம்பளம், அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 18,200 ரூபாய். விடைபெற்ற நாளில் முதலாளி சால்வை போர்த்தி 75,000 ரூபாய்க்குக் காசோலை கொடுத்தார். கூடவே ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். “நிர்வாகம் மனமுவந்து அளித்த கருணைத் தொகை ரூ.75,000 பெற்றுக்கொண்டேன். இனி எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை” என்பது அந்தத் தாளின் வாசகம்.

சில மாதம் கழித்து பழைய சக ஊழியர் ஒருவர், “உங்களுக்கு கிராஜுவிட்டி வரணுமே, கேட்டீங்களா?” என்றிருக்கிறார். நெடுநாள் உழைத்தவருக்கு ஓய்வின்போது தரும் பணிக்கொடையைத்தான் அப்படிச் சொல்கிறோம். இவர் போய்க் கேட்டதும் முதலாளி நான்கு விஷயம் சொல்லியிருக்கிறார். கிராஜுவிட்டி என்றால் முதலாளி தானாகப் பார்த்துக் கொடுப்பது, அகராதியிலேயே அப்படித்தான் இருக்கிறது. இப்போது அச்சகத்தில் எட்டுப் பேர்தான் வேலை செய்கிறார்கள், ஆகவே சட்டம் பொருந்தாது. 2019-இல் நாட்காட்டியில் ஒரு தேதி தவறி, மூவாயிரம் பிரதி மறுபடி அச்சடித்த நஷ்டத்தையே தான் கேட்கவில்லை. 2011-இல் வாசகரின் மனைவிக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது கொடுத்த 40,000 ரூபாயையும் கேட்கவில்லை. “உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு நீங்கதானே சார் போன வருஷ டைரியில திருத்திக் குடுத்தீங்க?” என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டாராம்.

வாசகர் வீட்டுக்கு வந்து நிஜமாகவே அகராதியைப் பார்த்திருக்கிறார். லத்தீன் மூலம், ‘கேளாமல் தரப்படுவது’ என்று பொருள். தமிழிலும் ‘பணிக்கொடை’, கொடை என்ற சொல்லே உள்ளே உட்கார்ந்திருக்கிறது. “மகன் வழக்குப் போடச் சொல்கிறான். மனைவி நன்றிகெட்டதனம் என்கிறாள். நான் நாற்பது வருடம் சொற்களோடு வாழ்ந்தவன். கருணை மனு, கருணை மதிப்பெண், கருணை அடிப்படையில் வேலை, கருணைக் கொலை, எல்லாம் என் பேனா பட்டுத்தான் அச்சுக்குப் போயின. சொல்லே முதலாளி பக்கம் இருக்கும்போது நான் எதைக் கேட்பது?” என்று முடித்திருக்கிறார். முதலாளிக்கு எழுதி வைத்திருக்கும் ஒரு கடித வரைவையும் இணைத்திருக்கிறார்.

அன்புள்ள ஐயா,

முப்பது பக்க மனுவில் சொல்லவேண்டியதை நீங்கள் ஒரு வரியில் கேட்டுவிட்டீர்கள். முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் அகராதியைத் திறப்போம். உங்களுக்குப் பணிக்கொடை உரிமை. சொல்லின் பிறப்பு எதுவாக இருந்தாலும் 1972-இல் இயற்றப்பட்ட பணிக்கொடை வழங்கல் சட்டம் அதைக் கொடுப்பவரின் விருப்பத்திலிருந்து எடுத்து வாங்குபவரின் கணக்கில் வைத்துவிட்டது.

ஆனால் உங்களை உறுத்துவது பணம் மட்டுமல்ல, அந்தச் சொல்லும்தான் என்பது புரிகிறது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன். தொழிலாளர் வழக்குகளில் எனக்கு அடிக்கடி எதிரே வந்து நிற்கும் சொல் அது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் அதை எப்படிப் பிடித்து ஆட்டுவார்கள் என்பது எனக்குப் பழக்கம்.

அகராதி சொன்னதும் சொல்லாததும்

‘கிராஜுவிட்டி’யும், தயவைக் குறிக்கும் ‘கிரேஸ்’ என்கிற சொல்லும் ஒரே குடும்பம். ஆங்கில ‘கிரேஸ்’ பழைய பிரெஞ்சு வழியாக லத்தீன் ‘கிராத்தியா’விலிருந்து வந்தது. அதற்கும் முன்னால் ‘கிராத்துஸ்’ என்று ஒரு சொல். உங்கள் முதலாளி புரட்டிய பக்கத்தில் ‘தயவு’ என்பது மட்டும் கண்ணில் பட்டிருக்கும். ‘கிராத்துஸ்’ என்றால் மனத்துக்கு இனியது என்றும் பொருள், நன்றியுள்ளவன் என்றும் பொருள். ‘கிராத்தியா’வும் அப்படியே இருபக்கச் சொல். கொடுப்பவர் காட்டும் தயவும் அதுதான், வாங்கியவர் சொல்லும் நன்றியும் அதுதான். இத்தாலியர் ‘கிராட்சியே’ என்றும் ஸ்பானியர் ‘கிராசியாஸ்’ என்றும் இன்று நன்றி சொல்வது இந்தச் சொல்லைக் கொண்டுதான். இன்னும் ஆழத்தில் போனால் புகழ்ந்து பாடுவதைக் குறிக்கும் வேர் ஒன்று இருக்கிறது. வடமொழியில் துதித்தலைக் குறிக்கும் சில சொற்கள் அந்த வேரின் உறவினர்கள். மேலிருந்து கீழே விழும் இரக்கம் அந்த வேரில் இல்லை.

கிரேக்கர்களுக்கு இதே இடத்தில் இருந்த சொல் ‘காரிஸ்’. அழகு, தயவு, நன்றி மூன்றும் அதில் கலந்திருந்தன. அந்தப் பெயரால் மூன்று தேவதைகளை வணங்கினார்கள். மூவரும் கைகோத்து வட்டமாக நிற்பதாகச் சிற்பம். ஏன் மூவர், ஏன் வட்டம் என்று கேட்டால் ஒருத்தி கொடுப்பவள், ஒருத்தி வாங்குபவள், ஒருத்தி திருப்பித் தருபவள் என்று ஒரு விளக்கம் ரோமானியச் சிந்தனையாளர் செனக்காவின் காலத்திலேயே புழங்கியது. கொடை ஒரு கையோடு நின்றுவிட்டால் வட்டம் அறுந்துவிடும்.

பின்னால் கிறித்தவ இறையியல் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு வேறொரு அழுத்தம் கொடுத்தது. தகுதி பார்க்காமல், ஈட்டப்படாமல் இறைவன் தருவது. முதலாளிமார் மனத்தில் இருக்கும் ‘கிரேஸ்’ பெரும்பாலும் இதுதான் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கடவுளுக்குப் பொருந்திய இலக்கணத்தைச் சம்பளப் பதிவேட்டுக்கு ஏற்றிவிடுகிறார்கள்.

தமிழுக்கு வரும்போது இது பல வாசலில் நுழைந்தது. சீர்திருத்தச் சபையார் வேதாகமத்தில் ‘கிருபை’ என்றார்கள். கத்தோலிக்கர் இன்று ‘அருள் நிறைந்த மரியே’ என்று செபிக்கிறார்கள். பழைய செபத்தில் அது ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே’ என்று இருந்தது. பிரியத்தோடு தத்தம் செய்தது, பிரியதத்தம். லத்தீன் சொல்லில் இருந்த இனிமையையும் கொடுத்தலையும் இவ்வளவு நெருக்கமாகப் பிடித்த தமிழ்ச்சொல் வேறு இல்லை என்பேன். அது வழக்கொழிந்ததில் எனக்கு ஒரு சின்ன வருத்தம்கூட உண்டு.

அரசு அலுவலகமும் நீதிமன்றமும் பத்திரிகையும் பிடித்துக்கொண்டது ‘கருணை’யை. அங்கேதான் சிக்கல். கருணை என்றால் துன்பப்படுபவரைப் பார்த்து உருகுவது. ஆங்கிலத்தில் மூன்று தனிச் சொற்களாக இருந்தவற்றை நாம் இந்த ஒரே சொல்லில் கட்டிவிட்டோம். உங்கள் பட்டியலில் கருணை மதிப்பெண் ‘கிரேஸ்’. கருணை அடிப்படை வேலை ‘கம்பேஷன்’. கருணை மனுவும் கருணைக் கொலையும் ‘மெர்சி’. உங்கள் பேனாவுக்கு ஒன்றாகத் தெரிந்தவை ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் அல்ல.

இதில் உங்களுக்குப் பிடிக்கப்போகும் செய்தி ஒன்று. ‘மெர்சி’ என்ற சொல்லின் லத்தீன் மூலம் ‘மெர்செஸ்’. அதற்குப் பொருள் கூலி. ஆமாம், வேலைக்குத் தரும் கூலி. கூலியில் பிறந்த சொல் தூக்குமேடைக் கைதியின் மனுவில் போய் உட்கார்ந்தது. தயவில் பிறந்த சொல் கட்டாயமாகத் தரவேண்டிய தொகைக்குப் பெயராயிற்று. இனி யாராவது அகராதியைக் காட்டி உரிமையை மறுத்தால், அந்த அகராதியின் அடுத்த பக்கத்தை நீங்கள் காட்டலாம்.

முதலாளி சொன்ன வரலாறு எந்த வருடத்தோடு முடிந்தது

அவர் முழுப் பொய் சொல்லவில்லை. ஒரு காலத்தில் பணிக்கொடை அப்படித்தான் இருந்தது. நெடுநாள் உழைத்தவருக்கு முதலாளி விரும்பினால் தருவார். தொழிற்சங்கங்கள் தீர்ப்பாயங்களுக்குப் போய்ப் போய், அது ஓய்வுக்காலப் பயன் என்ற நிலையை மெல்ல ஈட்டின. கேரளம் 1970-இலும் மேற்கு வங்கம் 1971-இலும் தனிச் சட்டம் கொண்டுவந்தன. 1972-இல் நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் வந்தது. அவர் பேசுவது அதற்கு முந்தைய காலத்து மொழி.

ஓய்வூதியத்திலும் இதே கதைதான். 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, ஓய்வூதியம் தானமும் அல்ல, கருணையைப் பொறுத்ததும் அல்ல என்று தீர்ப்பளித்தது. கருணை என்று நான் தமிழில் சொல்வதற்கு அந்தத் தீர்ப்பில் இருந்த சொல் ‘கிரேஸ்’தான். பணிக்கொடையும் ஓய்வூதியமும் பரிசுப் பணம் அல்ல, உழைத்து ஈட்டியவை என்பதை 2013-இல் ஜார்க்கண்ட் அரசு சம்பந்தப்பட்ட வழக்கில் அதே நீதிமன்றம் மறுபடி சொன்னது. அது அரசு ஊழியர் வழக்கு. ஆனாலும் பணிக்கொடை எந்த வகைப் பணம் என்பதை அது தெளிவாக்குகிறது.

ஒரு சின்ன இடைக்குறிப்பு. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து 1972 சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்டது. உங்கள் பணி அதற்கு முன்பே முடிந்துவிட்டதால் உங்கள் உரிமை பழைய சட்டத்தில் பிறந்தது. யாராவது ‘அந்தச் சட்டமே இப்ப இல்லையே’ என்று சொன்னால் கலங்க வேண்டாம்.

உங்கள் நான்கு பயங்கள்

எட்டுப் பேர் என்கிற வாதம் முதலில். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்த இடத்துக்குச் சட்டம் பொருந்தும் என்பது உண்மை. ஆனால் ஒருமுறை பொருந்திவிட்டால் பிறகு எண்ணிக்கை குறைந்தாலும் சட்டம் வெளியேறாது. நீங்கள் சேர்ந்தபோது கோப்பவர், மடிப்பவர், எந்திரம் ஓட்டுபவர் எல்லாம் சேர்ந்து பதினாறு பேர் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதை நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான். சம்பளப் பதிவேடு முதலாளியிடம் இருக்கும், அதை வரவழைக்கக் கேட்கலாம். உடன் வேலை பார்த்தவர்கள் இரண்டு மூன்று பேர் சாட்சி சொன்னால் நல்லது. ஆயுத பூஜை அன்று எந்திரத்துக்கு முன் எல்லோரும் நின்று எடுத்த படம் ஏதாவது உங்கள் வீட்டில் இருந்தால் தேடி எடுங்கள். நான் நடத்திய ஒரு வழக்கில் அப்படி ஒரு படத்தை வைத்துத் தலைகளை எண்ணியிருக்கிறோம்.

நாட்காட்டித் தவறு. ஊழியரின் வேண்டுமென்ற செயலாலோ கவனக்குறைவாலோ நஷ்டம் வந்தால் நஷ்டத்தின் அளவுக்குப் பணிக்கொடையைப் பிடிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அந்தக் காரணத்துக்காக அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டிருக்க வேண்டும். 2019 தவறுக்குப் பிறகு உங்களை நீக்கவில்லை, இன்னும் ஆறு வருடம் வைத்திருந்து சால்வை போர்த்தி அனுப்பினார்கள். அந்தக் கதவு மூடியாயிற்று. (மூவாயிரம் பிரதியில் ஒரு தேதி மாறியது இத்தனை வருடம் உங்களை உறுத்திக்கொண்டிருப்பது கடிதத்தில் தெரிகிறது. அதைச் சட்டம் தொடாது.)

அந்த 40,000 ரூபாய். அது கடன் என்றால் எழுத்து இருந்திருக்கும், வட்டியோ தவணையோ பேசப்பட்டிருக்கும். கைமாற்றாகக் கொடுத்த பணத்தை வழக்குப் போட்டு வாங்கவே பொதுவாக மூன்று வருடம்தான் கெடு. அது நன்கொடை என்றால் கொடுத்தாயிற்று, முடிந்தது. எப்படிப் பார்த்தாலும் பணிக்கொடையில் கழித்துக்கொள்ள வழியில்லை. உங்களுக்குள் இருக்கும் நன்றிக்கு நான் குறுக்கே வரவில்லை. 2011-இல் அவர் செய்தது உண்மையான அருள், அவர் செய்யவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. 2025-இல் செய்யாமல் விட்டது அவருடைய கடமை. ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தள்ளுபடி கேட்பது அவருடைய பிழை. உங்கள் மனைவியிடம் இந்த இரண்டு வருடங்களையும் தனித்தனியாக எடுத்து வைத்துப் பேசிப் பாருங்கள்.

கடைசியாகக் கையெழுத்து. இதுதான் நீங்கள் அதிகம் பயந்த இடம், எனக்குச் சுவையான இடமும் இதுவே. ‘இனிப் பாக்கி இல்லை’ என்று ஊழியரிடம் எழுதி வாங்கினாலும் சட்டம் தந்த பணிக்கொடையை ஒப்பந்தம் கழற்றிவிட முடியாது. மற்ற பத்திரங்களில் முரணாக என்ன இருந்தாலும் இந்தச் சட்டமே மேலோங்கும் என்று அதன் 14-ஆம் பிரிவு சொல்கிறது. அதோடு அந்தத் தாளில் அவரே தேர்ந்தெடுத்த சொல்லைப் பாருங்கள், ‘கருணைத் தொகை’. ஆங்கிலத்தில் ‘எக்ஸ் கிரேஷியா’. தயவினால் தருவது என்று பொருள். சட்ட வழக்கில் அதற்கு ஒரு கூர்மை உண்டு. ‘தரவேண்டிய கடப்பாடு எனக்கு இல்லை, இருந்தும் தருகிறேன்’ என்று சொல்லிக் கொடுப்பதுதான் எக்ஸ் கிரேஷியா. கடப்பாடு இல்லாத பணம் என்று எழுதிக் கொடுத்தவர், அதே பணத்தால் கடப்பாட்டைத் தீர்த்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வார்? அவர் சொல் அவரையே பிடிக்கிறது.

இந்த வாதத்தை மட்டும் நம்பி வீடு கட்டிவிடாதீர்கள். ஓய்வு பெறும் நாளில் கொடுத்த பணம்தானே என்று அதிகாரி 75,000-ஐப் பணிக்கொடையின் ஒரு பகுதியாக எடுத்துக் கழிக்க வாய்ப்பு இருக்கிறது. அப்படி நடந்தால் மேல்முறையீடு வரை போவது அந்தத் தொகைக்கு மதிப்பா என்பதை அப்போது யோசிக்கலாம்.

கணக்கு

கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க வேண்டும். 18,200-ஐ 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி 700. பதினைந்து நாளுக்கு 10,500. உங்கள் பணிக்காலம் 22 வருடம் 7 மாதம். ஆறு மாதத்துக்கு மேல் போன மிச்சம் முழு வருடமாகும், ஆக 23. பெருக்கினால் 2,41,500 ரூபாய். 75,000-ஐக் கழித்தால்கூட 1,66,500 வரவேண்டும். ஓய்வு பெற்ற 30 நாளுக்குள், அதாவது 2025 ஏப்ரல் முடிவதற்குள் கொடுத்திருக்க வேண்டிய பணம் இது. அதன்பின் ஆண்டுக்கு 10 சதவீதம் தனிவட்டி. முழுத்தொகைக்கு வருடம் 24,150 ரூபாய்.

பூனைக்குட்டியும் குரங்குக்குட்டியும்

அருள் பற்றி வைணவத்தில் ஒரு பழைய விவாதம் உண்டு, நீங்கள் மெய்ப்புப் பார்த்த ஆன்மிக நூல்களில் வந்திருக்கும். தென்கலையார் மார்ஜார நியாயம் என்பார்கள். பூனை தன் குட்டியை வாயால் கவ்விக்கொண்டு போகும், குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம். வடகலையார் மர்க்கட நியாயம் என்பார்கள். குரங்கு தாவும், குட்டிதான் தாயின் வயிற்றை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பணிக்கொடைச் சட்டம் காகிதத்தில் தென்கலை. ஊழியர் விண்ணப்பித்தாலும் விண்ணப்பிக்காவிட்டாலும் தொகையைக் கணக்கிட்டு எழுத்தில் தெரிவித்துக் கொடுக்கவேண்டியது முதலாளியின் வேலை என்று 7-ஆம் பிரிவு சொல்கிறது. நடைமுறையில் அது சுத்த வடகலை. பிடித்துக்கொள்ளாத குட்டி கீழே விழுகிறது. அதனால் இப்போது நீங்கள் செய்யவேண்டியவை:

முதலில் முதலாளிக்கு எழுத்தில் ஒரு கோரிக்கை, அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி தபாலில். கோபம் வேண்டாம், கணக்கு இருக்கட்டும். இதைப் பார்த்ததும் கூப்பிட்டுப் பேசி முடிப்பவர்களும் நிறைய. அவர் பேச வந்தால் பேசுங்கள். குறைத்துத் தருகிறேன் என்றால் ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். இன்னொரு தாளில் மட்டும் என்னிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பதில் வராவிட்டால் தொழிலாளர் துறை உதவி ஆணையரிடம் விண்ணப்பம். பணிக்கொடை வழக்குகளுக்கு அவர்தான் கட்டுப்பாட்டு அதிகாரி. புதிய தொகுப்பு வந்திருப்பதால் நடப்பில் இருக்கும் படிவத்தை அலுவலகத்திலேயே கேட்டு வாங்குங்கள். சாதாரணமாக 90 நாளுக்குள் போகவேண்டியது, உங்களுக்கு அது கடந்துவிட்டது. தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. உங்களிடம் காரணம் வலுவாகவே இருக்கிறது. சட்டப்படி தரவேண்டிய எழுத்து அறிவிப்பை முதலாளி தரவில்லை, ‘கருணைத் தொகை’ என்று சொல்லி எல்லாம் முடிந்ததாக நம்ப வைத்தார். இதைத் தேதிகளோடு எழுதுங்கள். இன்னும் தள்ளிப் போட்டால் இதே காரணம் நாளுக்கு நாள் மெலியும்.

முதலாளி மேல்முறையீடு போக நினைத்தால் உத்தரவான தொகையை முதலில் கட்டிவிட்டுத்தான் போகமுடியும். கட்டவும் இல்லை, கொடுக்கவும் இல்லை என்றால் ஆட்சியர் மூலம் நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கலாம். இழப்பு என்று பார்த்தால் ஒன்றுதான், அந்த அச்சகத்தின் படியை நீங்கள் மறுபடி பழைய மாதிரி ஏறமுடியாமல் போகலாம். வாரம் ஒருமுறை அங்கே போய்த் தேநீர் குடித்துவிட்டு வருவதாக எழுதியிருந்தீர்கள். இருபத்திரண்டு வருடப் பழக்கத்துக்கு என்ன விலை என்பதை நான் போட்டுத் தர முடியாது. ‘கேட்காமலே விட்டுவிடுகிறேன்’ என்று நீங்கள் முடிவு செய்தாலும் தவறில்லை. ஆனால் அதை உரிமை இல்லை என்று நினைத்துக்கொண்டு செய்யாதீர்கள். இருக்கிறது என்று தெரிந்து விட்டுக்கொடுத்தால் அப்போது அது உங்கள் கொடை.

உங்கள் பட்டியலில் மிச்சமிருப்பவை

மற்ற கருணைகளையும் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றிலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான், கொடுப்பவர் கொடுக்காமல் இருக்க முடியுமா?

கருணை அடிப்படையில் வேலை, பெயருக்கு ஏற்றபடியே இருக்கிறது. இறந்த ஊழியரின் குடும்பம் திடீர் வறுமையில் விழாமல் இருக்கத் தரும் விதிவிலக்கு அது, வாரிசு உரிமை அல்ல என்று 1994-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தகுதியும் விதிகளும் பொருந்தினால் பரிசீலிக்கக் கேட்கலாம், வேலையே தா என்று கேட்க முடியாது. கருணை மதிப்பெண்ணும் ஏறக்குறைய அப்படித்தான், விதி தந்தால் உண்டு. 2024 நீட் தேர்வில் நேர இழப்புக்காக 1,563 பேருக்குத் தந்த மதிப்பெண்ணைத் திரும்ப எடுத்துக்கொண்டு மறுதேர்வு வைத்ததை நாம் பார்த்தோம். தேர்வு முகமை அதற்கு வைத்த பெயர் ஈட்டு மதிப்பெண், கருணை என்று எழுதியது பத்திரிகைகள். நீங்கள் அந்த மெய்ப்பில் இருந்திருந்தால் திருத்தியிருப்பீர்களோ என்னவோ.

கருணை மனு பாதி தூரம் வந்திருக்கிறது. 1833-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மன்னிப்பை அருட்செயல் என்றே வர்ணித்தது. 1927-இல் அதே நீதிமன்றம், அது அதிகாரம் வாய்த்த தனி மனிதரின் சொந்த அருட்செயல் அல்ல, அரசியல் சாசன ஏற்பாட்டின் ஒரு பகுதி என்று மாற்றிச் சொன்னது. நம் உச்ச நீதிமன்றம் 1988-இல் கேஹர் சிங் வழக்கில் அந்தக் கருத்தை எடுத்துக்கொண்டது. மன்னிப்பு கிடைப்பது உரிமை அல்ல. மனுவைக் காலம் தாழ்த்தாமல் பார்க்கவேண்டியது கடமை. காரணமில்லாமல் நீண்ட தாமதம் தண்டனைக் குறைப்புக்கே வழி ஆகலாம் என்று 2014 தீர்ப்பு சொன்னது.

பெயரில் மட்டும் கருணை, உள்ளே முழு உரிமை என்பதற்கு ஆயுள் காப்பீட்டில் தவணை கட்டத் தரும் கூடுதல் கெடுவான ‘கிரேஸ் பீரியட்’ நல்ல உதாரணம். மாதத் தவணைக்கு 15 நாள், மற்றவற்றுக்கு 30 நாள். அந்த நாள்களுக்குள் காப்பீடு செய்தவர் இறந்துவிட்டால் கட்டாத தவணையைக் கழித்துக்கொண்டு நிறுவனம் கொடுத்தாக வேண்டும், யாரும் இரங்க வேண்டியதில்லை. 1881 மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் தவணை குறித்த உறுதிமொழிப் பத்திரத்துக்கு உள்ள மூன்று ‘கிரேஸ்’ நாளும் அதே சாதி.

இனி உங்கள் கடித வரைவு. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை, எதிர்பார்த்ததுதான். இரண்டாம் வரியில் மட்டும், “தாங்கள் கருணை கூர்ந்து என் விண்ணப்பத்தைப் பரிசீலித்து ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்” என்று இருக்கிறது. அந்த வரி முழுவதையும் உங்கள் கையாலேயே நீக்கல் குறி போட்டு எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இதை எழுதுங்கள்: “2002 செப்டம்பர் 1 முதல் 2025 மார்ச் 31 வரை நான் செய்த பணிக்கு, சட்டப்படி எனக்குச் சேரவேண்டிய பணிக்கொடை ரூ.2,41,500-ஐயும் அதற்கான வட்டியையும் வழங்கக் கோருகிறேன்.” கடிதத்தின் முடிவில் 2011 உதவிக்கு நன்றி சொல்லி நீங்கள் எழுதியிருக்கும் பத்தி அப்படியே இருக்கட்டும்.